வளவு மரமும் அயலவர் கூரையும்

தன் வளவில் நிற்கும் முதுமரமொன்றை வெட்டி வீழ்த்த ஒருவனுக்கு உரிமை உண்டா? இக்கேள்வி எழுந்தவுடனேயே நம்மவரிடையே இரு குரல்கள் கேட்கின்றன. "என் நிலம், என் மரம், இதிலே பிறருக்கு என்ன பேச்சு?" என்பது ஒன்று. "பழைய மரத்தை வெட்டுவது பாவம், வெட்டிய குடும்பம் தழைக்காது" என்பது மற்றொன்று. முதலாவது உடைமையின் குரல். இரண்டாவது மரபின் குரல். நெடுங்காலமாக இவ்விரண்டும் நம்மூர்த் திண்ணைகளில் வாதிட்டு வருகின்றன. ஆயினும், அம்மரம் சாய்ந்தால் யாருடைய கூரைமேற் சாயுமோ அந்த மனிதரை இரு குரல்களும் ஒருங்கே மறந்துவிடுகின்றன. மறக்கப்பட்ட அம்மனிதரை முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய்வதே இங்கு நம் நோக்கமாகும்.

கிரானில் இது ஆண்டுதோறும் எழும் கேள்வி. கச்சான் காற்று ஓய்ந்து, வடகிழக்கு வானம் கறுக்கத் தொடங்கும் காலத்தில் வீடுடையோர் தத்தம் வீட்டை அண்ணாந்து பார்க்கின்றனர். உடைந்த ஓடுகள் எத்தனை, பீலியில் அடைந்த சருகு எவ்வளவு, சுவரில் எவ்விடத்தே பூச்சு உதிர்ந்தது என்றெல்லாம் அளந்த கண், ஈற்றிற் கூரைக்கு மேலே கவிந்து நிற்கும் வேம்பிலோ புளியிலோ மாமரத்திலோ போய்த் தரிக்கிறது. "இந்த மாரிக்கு இது தாங்குமா?" என்று மனம் கேட்கிறது. வசதியுள்ள வளவில் ஒரு கிழமைக்குள் சங்கிலி வாளின் ஓசை எழுகிறது. வசதியற்ற வளவில் கேள்வி கேள்வியாகவே இருக்க, மாரி வந்துவிடுகிறது. கிரானுக்கு மேற்கே புலிபாய்ந்தகல் செல்லும் வீதியை வெள்ளம் மூடி, தோணியே போக்குவரத்துச் சாதனமாகிவிடும் அந்நாட்களில், மரம் விழுந்த வீட்டாருக்கு உதவி வந்து சேர்வதும் எளிதன்று.

இவ்வச்சத்தை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி மட்டக்களப்பின் முகத்தையே மாற்றியது. ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிப்புற்றனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமுற்றன. மாவட்டத்தின் நெற்களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பது அழிந்தன. 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தது என்று கணக்கிடப்பட்டது. தென்னையை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு ஓரிரவில் வருவாயும் போயிற்று. சில வேளைகளில் அதே தென்னை கூரையையும் உடைத்துச் சென்றது. நாற்பது ஆண்டுகளின் பின், 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் தஞ்சைக் கழிமுகத்துத் தென்னந்தோப்புகளை அழித்தபோது, அங்குள்ள உழவர் அடைந்த துயரின் தன்மையை விளங்கிக்கொள்ள நமக்கு எவரும் உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நம் தலைமுறை 1978ஐக் கண்ணாற் கண்டதில்லை. ஆனால், காற்று சற்று உரத்து வீசினால் நம் தாய்மார் எழுந்து விளக்கேற்றி உட்கார்ந்திருப்பதைக் கண்டு வளர்ந்தது. அச்சமும் ஒரு முதுசமே.

எனினும் அச்சம் எல்லாருக்கும் பொதுவானது என்று கூறிவிட்டால் உண்மையிற் பாதி மறைந்துவிடும். மரம் எவர்மேலும் விழலாம் என்பது இயற்கை. யார் மரத்தின்கீழ் இருக்க நேர்கிறது என்பது சமுதாய அமைப்பு. 2023 ஒக்டோபர் 6ஆம் நாள் காலை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் வீதியோரப் பெருமரமொன்று மழையில் வேரோடு சாய்ந்து ஒரு பேருந்தின்மீது விழுந்து ஐவரின் உயிரைக் குடித்தது. அவ்விபத்துக்குப் பின்னரே நகரின் முதுமரங்களை ஆராயும் பணி விரைவு பெற்றது. வேலைக்குப் போகும் மக்கள் நிறைந்த பேருந்தொன்று நசுங்கும்வரை அம்மரங்களின் வயதும் நோயும் பொதுப் பிரச்சினையாக எவர் கண்ணுக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

நம்மூருக்கு வருவோம். எல்லை வேலியோரத்திலே எழுபது எண்பது ஆண்டுப் புளியமரம் ஒன்று நிற்கிறது என்று கொள்வோம். வேலிக்கு இப்பால் கொங்கிரீட் தட்டுப் போட்ட வீடு. அப்பால் தகரக் கூரையிட்ட இரண்டறை வீடு. மரம் இப்பாலாருக்கு உரியது. அதன் சாய்வோ அப்பாலை நோக்கியது. இப்பாலார் மரத்தை நேசிக்கிறார். ஆண்டுதோறும் அதன் பழத்தை விற்கிறார். "அப்பா காலத்து மரம்" என்று பெருமையோடு கூறுகிறார். அப்பால் வீட்டிலே கூலிவேலை செய்யும் தாயொருத்தி, காற்றடிக்கும் இரவுகளில் மூன்று பிள்ளைகளையும் தட்டியெழுப்பிக் கோயில் மண்டபத்துக்கு அழைத்துச் செல்கிறாள். மரத்தின் இனிமை ஒருவருக்கு. மரத்தின் பாரம் இன்னொருவருக்கு. இத்தகைய அன்பை அறம் என்று நாம் ஏற்க முடியுமா?

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. தெருமுனையில் நிற்கும் மாமரமொன்று மூன்று வளவுகளுக்கு நிழல் தருகிறது. அதன்கீழ் உள்ளூர்ப் பெண்கள் மீன் வாங்குகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். வளவுக்காரர் வெளிநாட்டுப் பணத்தில் வீட்டின் முகப்பைப் புதுப்பிக்கிறார். புதிய படலைக்கும் வாகனத்துக்கும் மரம் இடைஞ்சலாகிறது. உடனே, நேற்றுவரை எவர் வாயிலும் வராத "ஆபத்து" என்னும் சொல் பிறக்கிறது. ஒரே நாளில் மரம் மரக்காலைக்குப் போய்ச் சேர்கிறது. இங்கே ஆபத்து காரணமன்று, சாட்டு. முதல் வளவிலே உண்மையான ஆபத்து அன்பின் பெயரால் மறைக்கப்பட்டது. இரண்டாவது வளவிலே இல்லாத ஆபத்து வசதியின் பொருட்டுப் படைக்கப்பட்டது. இரண்டிலும் முடிவு செய்தவர் ஒருவர். விளைவை அனுபவித்தவர் வேறொருவர்.

உடைமையாளனே முழு அதிகாரி என்னும் கருத்து பழமையானது என்று சிலர் எண்ணுகின்றனர். சட்ட வரலாறு அவ்வாறு கூறவில்லை. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வகுக்கப்பட்ட பன்னிரண்டு பட்டயங்களே, அயலவன் நிலத்தின்மேல் கவியும் மரத்தின் கிளைகளைக் குறித்த உயரம்வரை களைய வேண்டும் என்று விதித்தன. அந்த ரோமச் சட்டத்தின் வழிவந்த ரோம-டச்சுச் சட்டமே இன்று இலங்கையின் பொதுச் சட்டம். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் எல்லை கடந்து சாய்ந்த மரத்தின் பயன் யாருக்கு என்னும் வழக்குக்கு இடம் அளித்தது. வேலி மனிதன் நட்டது. வேரும் கிளையும் அதை மதிப்பதில்லை. ஆகவே மரத்தின் விடயத்தில் அயலவனையும் கேட்டாக வேண்டும் என்பதை உடைமையைப் போற்றிய சட்டங்களாலேயே மறுக்க இயலவில்லை.

இன்னும் ஒருபடி மேலே சென்றது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தன் சொந்த நிலத்திலேனும் அனுமதியின்றி வெட்டலாகாது என்னும் கட்டுப்பாடு அதன் வழி வந்தது. இம்மூன்றும் உணவு தருபவை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அரிசி தட்டுப்பட்ட காலங்களில் ஏழையின் அடுப்பை எரியவைத்தவை இவையே. ஒருவன் வளவில் நிற்கும் பலாமரத்தில் ஊராரின் பசிக்கும் ஒரு பங்கு உண்டு என்னும் எண்ணம் அச்சட்டத்தினுள்ளே உறைந்து கிடக்கிறது. உணவுக்குச் சொல்லப்பட்ட அந்த நியாயம் நிழலுக்கும் பொருந்தாதா? தகரக் கூரையின்கீழ் பங்குனி, சித்திரை வெயிலைக் கழிக்கும் குடும்பத்துக்கு வேம்பின் நிழல் ஆடம்பரமன்று. குளிரூட்டி வாங்க இயலாதவருக்கு வாய்த்த ஒரே குளிர்ச்சி அது.

மட்டக்களப்பு வழமை இவ்விடத்தில் நமக்கு மற்றுமொன்றை நினைவூட்டுகிறது. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் செல்வதே பெருவழக்கு. தாய்வழியுரிமையை அடிப்படையாகக் கொண்ட முக்குவர் சட்டம், 1876ஆம் ஆண்டு மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்பின் நீதிமன்றச் செல்வாக்கை இழந்தது. ஆயினும் தாய்வீடு மகளுக்கே என்னும் வழக்கம் வாழ்க்கையில் நின்று நிலைத்தது. ஆகவே நம் வளவுகளில் நிற்கும் முதுமரம் பெரும்பாலும் ஒரு பாட்டி கிணற்றிலிருந்து நீர் அள்ளி ஊற்றி வளர்த்தது. மகள்வழிப் பேர்த்திக்கு வந்து சேர்ந்தது. நாள்தோறும் அதன் சருகைக் கூட்டுபவளும் அதன் நிழலில் நெல் காயவைப்பவளும் அவளே. ஆனால் மரக்காலைக்காரரோடு விலை பேசும் நேரத்தில் படலையில் நிற்பவர்கள் ஆண்கள். உறுதியிலே பெயருடையவளும், உழைப்பினால் உரிமையுடையவளும் அடுக்களையில் இருந்து ஓசையை மட்டும் கேட்கிறாள். "மரம் யாருடையது?" என்னும் கேள்விக்கு நாம் பழக்கத்தாற் சொல்லும் விடையே பிழையாக இருக்கலாம்.

இனி, மரம் எவ்வாறு ஆபத்தாகிறது என்பதைச் சற்று நோக்குவோம். நல்ல வேர்ப்பிடிப்போடு வளர்ந்த மரம் வெறும் வயதினால் மட்டும் விழுவதில்லை. பெருமரத்தின் வேர்களிற் பெரும்பகுதி ஆழத்தே செல்வதில்லை. மேல்மண்ணின் ஒரு மீற்றருக்குள்ளேயே, கிளைகளின் பரப்பையும் கடந்து பக்கவாட்டில் விரிந்து கிடக்கின்றன. அவ்வேர்கள் மூச்சு விடுகின்றன. வளவு முழுவதும் சீமெந்து பூசி மெழுகும்போது அம்மூச்சு அடைபடுகிறது. புதிய அறைக்கு அத்திவாரம் வெட்டும்போதும், வடிகால் தோண்டும்போதும், வீதியை அகலப்படுத்தும்போதும் ஒரு பக்கத்து வேர்கள் அறுக்கப்படுகின்றன. மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் தறிக்கப்பட்டுப் பாரம் மறுபக்கம் சாய்கிறது. "பாதுகாப்புக்காக" உச்சியை மொட்டையடித்துவிடுகிறோம்; வெட்டுவாய் அழுகுகிறது; அதைச் சுற்றி வெடிக்கும் புதுக்கிளைகள் பழைய கிளைகளைப் போல் உறுதியாகப் பொருந்துவதில்லை. கரையோர மணற்றரை மாரிநீரால் ஊறி நெகிழும்போது, இவ்வாறெல்லாம் ஊனமாக்கப்பட்ட மரம் சாய்கிறது. உடனே மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

1987 ஒக்டோபரில் இங்கிலாந்தின் தென்பகுதியில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. அப்போது கியூ தாவரவியற் பூங்காவில் ஓர் ஓக் மரம் வேரோடு மேலெழும்பி மீண்டும் அதே இடத்தில் அமர்ந்தது. அதற்குமுன் நலிந்து வந்த அம்மரம், புயலின் பின்னர் செழிக்கத் தொடங்கியது. காரணத்தை ஆராய்ந்தோர், பார்வையாளரின் காலடிகளால் இறுகிப் போயிருந்த மண்ணைப் புயல் நெகிழ்த்தியதே அதற்கு மருந்தாயிற்று என்று கண்டனர். அன்றிலிருந்து முதுமரங்களின் அடிமண்ணை நெகிழ்த்திக் காற்றூட்டுவது அங்கு ஒரு பராமரிப்பு முறையாயிற்று. மனிதன் இறுக்கிய மண்ணை மனிதனே நெகிழ்த்தலாம் என்பது இதன் படிப்பினை.

வீட்டின் புறத்தோற்றத்துக்கும் இதுவே பொருந்தும். சுவர் ஈரம் கட்டினால் "மரத்தாற் கேடு" என்கிறோம். சருகு அடைந்த பீலி வழிந்து நீர் சுவரில் இறங்குவதைப் பார்ப்பதில்லை. காகம் எச்சமிட்ட அரசவிதை சுவரின் வெடிப்பில் இரண்டு இலை விடும்போது இரு விரல்களாற் பிடுங்கிவிடலாம். பிடுங்காது விட்டால் பத்தாண்டில் அதன் வேர் செங்கல்லைப் பிளக்கிறது. பின்னர் சுவரை இடிக்காமல் அதை அகற்ற முடிவதில்லை. ஓர் ஓட்டை மாற்றாததனால் கைமரம் உளுக்கிறது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் கிளறாமல் விட்டால் அதிலே குடியேறிய கறையான் வீட்டு நிலைக்கதவுக்கு வழி தேடுகிறது. பெரும் அழிவுகள் பலவற்றின் தொடக்கத்தில் செய்யாது விடப்பட்ட சிறு வேலையொன்று இருக்கிறது.

ஆனால் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். "மக்கள் அசட்டையானவர்கள்" என்று ஆசிரியத் தொனியிற் கடிந்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இப்பகுதியின் வீடுகள் ஏன் பராமரிப்பின்றிக் கிடந்தன? போரின் ஆண்டுகளில், சிறப்பாக 2006, 2007ஆம் ஆண்டுகளில், இம்மாவட்டத்தின் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தபோது பலரை வரவேற்றவை கூரையற்ற சுவர்களும் அச்சுவர்களில் வேரூன்றிய மரங்களுமே. வடக்கிலும் கிழக்கிலும் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட தென்னையும் பனையும் எண்ணிலடங்கா. வெட்ட வேண்டியது வளர்ந்தது. வளர வேண்டியது வெட்டப்பட்டது. நாட்கூலியில் வாழ்பவனுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், பீலி மாற்றுவதும், மரமேறுபவருக்குக் கூலி கொடுத்துக் கிளை களைவதும் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல, வருவாயைப் பொறுத்தவை. பராமரிப்பு என்பது ஓய்வும் பணமும் உள்ளவரின் நற்குணம் மட்டுமாக இருக்கும்வரை, மரம் ஏழையின் கூரையையே தேடி விழும்.

சமுதாயம் மனம் வைத்தால் முதுமரத்தைக் காக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அநுராதபுரத்து வெள்ளரசின் தாழ்ந்த கிளைகள் பொன்முலாம் பூசிய முட்டுக்கால்களால் தாங்கப்பட்டு நிற்கின்றன. கல்கத்தாவை அடுத்த ஹௌராத் தாவரவியற் பூங்காவின் பேராலமரத்தை 1864, 1867ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் தாக்கின. காயத்தின் வழியே பூஞ்சணம் நுழைந்து தாய்மரத்தை அரித்தது. 1925இல் அத்தாய்மரத்தை வெட்டி அகற்றினர். ஆயிரக்கணக்கான விழுதுகளில் ஆலமரம் இன்றும் வாழ்கிறது. வெட்டுவதும் காப்பதன் ஒரு பகுதியாகலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. புனித மரத்துக்கு முட்டுக்கால் கொடுக்கிறோம். புகழ்பெற்ற மரத்துக்கு மருத்துவம் செய்கிறோம். பெயரற்ற ஒரு வளவு வேம்புக்கு முட்டுக் கொடுக்கவும், அதன்கீழ் உறங்கும் பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பேற்கவும் மட்டும் எவரும் இல்லை.

மரத்துக்கென்று ஓர் உரிமை உண்டா என்று சிந்தனையாளர் சிலர் கேட்கின்றனர். நம் முன்னோர் இக்கேள்வியை வேறு வகையில் உணர்ந்திருந்தனர். நற்றிணையின் 172ஆம் பாடலிலே, தோழியரோடு விளையாடியபோது புதைத்த விதை முளைத்து வளர்ந்த புன்னையைத் தாய் அவர்களின் உடன்பிறந்தாள் என்று உரைத்தமையால், அதன்கீழ் காதலனோடு நகையாட நாணுகிறாள் தலைவி. மறுபுறம், பகைவரின் காவல்மரத்தை வெட்டி வீழ்த்துவதே வெற்றியின் அடையாளமாயிருந்தது. சேரன் செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டினான். உறவாக நினைத்த மரத்தை வெட்டக் கூசினர். அடக்க நினைத்தவனின் மரத்தைத் தேடி வெட்டினர். மரம் இரு நிலையிலும் மனித உறவின் குறியாகவே நின்றது.

மரத்துக்கு உணர்ச்சி உண்டென்றோ ஆன்மா உண்டென்றோ வாதிடாமலே நாம் ஒரு முடிவுக்கு வரலாம். எண்பது ஆண்டு மரம் என்பது எண்பது ஆண்டு உழைப்பு. நீர் ஊற்றியவர், ஆடு மாட்டிலிருந்து காத்தவர், வேலி கட்டியவர் எல்லாரும் அதில் இருக்கின்றனர். எனினும் உழைப்பு மட்டும் அதை ஆக்கவில்லை. 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ், உழைப்பே செல்வம் அனைத்துக்கும் மூலம் என்னும் வாசகத்தை மறுத்து, இயற்கையும் அதேயளவு மூலமே என்று எடுத்துக்காட்டினார். வீட்டை இடித்தால் ஓராண்டிற் கட்டலாம். முதுமரத்தை வெட்டினால் எத்தனை பணம் கொடுத்தும் எண்பது ஆண்டுகளை விலைக்கு வாங்க முடியாது. "ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம்" என்பது நல்ல வழக்கமே. ஆனால் கணக்குத் தீர்ந்தது என்று அது பொருள்படாது. இன்று நிழலை இழக்கும் முதியவளுக்கு நாளைய கன்று நிழல் தராது. அதேபோல, மரம் விழுந்து மாண்ட பிள்ளையையும் எந்த நிழலும் மீட்டுத் தராது. இரண்டும் மீட்க முடியாத இழப்புகள். ஆனால் இரண்டும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவையல்ல. மனித உயிரே முதன்மையானது.

இதிலிருந்து ஓர் அறவிதி பிறக்கிறது. வெட்ட விரும்புபவர் ஆபத்தை மெய்ப்பிக்க வேண்டும். வைத்திருக்க விரும்புபவர் ஆபத்தின் பொறுப்பை ஏற்க வேண்டும். மரத்தின் பயன் தனக்கும் அபாயம் அயலவருக்கும் என்று இருப்பின், கிளை களைவதும், முட்டுக் கொடுப்பதும், இயலாவிடில் மரத்தையே அகற்றுவதும் உடையவரின் கடன். அபாயமில்லாத மரத்தைத் தன் வசதிக்காக வெட்டுவோர், அதன் நிழலில் வாழ்ந்தோருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

மெய்ப்பிப்பது அரிய காரியமன்று. அடிமரம் பொந்தாகித் தட்டும்போது வெற்றோசை எழுப்புகிறதா? அடியிலே காளான் முளைத்திருக்கிறதா? சாய்வு பிறவிச் சாய்வா, அண்மையில் ஏற்பட்டதா? சாய்வுக்கு எதிர்ப்புறத்தே மண் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா? உச்சிக் கிளைகள் பட்டுப் போயினவா? எப்பக்கத்து வேர்கள் எப்போது வெட்டப்பட்டன? இவற்றைக் கேட்கவும் பார்க்கவும் நம் உயர்வகுப்பு மாணவராலேயே இயலும். ஐயம் நேர்ந்தால் அறிந்தோரை அழைக்கலாம். இரவோடிரவாகப் பட்டையைச் சீவியும் நஞ்சூற்றியும் மரத்தைக் கொல்வது கோழைத்தனம் மட்டுமன்று, மடமையுமாகும். உயிரோடு நிற்கும் மரத்தைவிடப் பட்டு நிற்கும் மரமே அதிக ஆபத்தானது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவாயின், அதிலும் அறம் உண்டு. மயமதம் முதலிய சிற்பநூல்கள், மரத்தை வெட்டுமுன் அதில் வாழும் உயிர்களை வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ளும் சடங்கொன்றைக் கூறுகின்றன. பேய்பூதங்களில் நமக்கு நம்பிக்கை இல்லாமலிருக்கலாம். ஆயினும் வாளெடுக்குமுன் ஒருகணம் நின்று, கூட்டிலே குஞ்சு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கச் செய்த அவ்வழக்கத்தில் அறிவு இருந்தது. அதைவிட முக்கியமானது, மரத்திலே ஏறும் மனிதரின் உயிர். இடுப்பிலே ஒரு கயிறும் கையிலே ஒரு வாளுமாக, விபத்துக் காப்புறுதி எதுவுமின்றி, நாட்கூலிக்கு உயரத்தில் தொங்குகிறார் அவர். நம் கூரையைக் காப்பதற்காக அவருடைய குடும்பத்தின் கூரையைப் பணயம் வைக்க நமக்கு என்ன நியாயம்? தக்க கயிறும் தலைக்கவசமும் துணையாளும் வேலைக்கேற்ற கூலியும் இல்லாமல் ஒரு மரமும் வெட்டப்படலாகாது.

வீழ்ந்த மரம் யாருக்கு என்பதும் கேட்கத் தக்கதே. 1842இல், இருபத்துநான்கு வயது இளைஞரான மார்க்ஸ், றைன் மாகாண சபையின் விறகுத் திருட்டுச் சட்ட விவாதத்தைக் கண்டித்து எழுதினார். காட்டிலே தானாய் விழுந்த சுள்ளியைப் பொறுக்கிய ஏழையைத் திருடனாக்கிய சட்டம் அது. பொருளாதார வாழ்க்கையின் மெய்ப்பிரச்சினைகளை நோக்கி அவரைத் திருப்பியவற்றுள் அவ்விவாதமும் ஒன்று. நம் வளவில் அடிமரம் மரக்காலைக்குப் போகட்டும். கிளையும் சுள்ளியும், அத்தனை ஆண்டுகளும் அம்மரத்தின் கீழ் அஞ்சியும் ஆறியும் வாழ்ந்த அயலவரின் அடுப்புக்குப் போவதே முறை.

தனியொருவரின் நல்லெண்ணத்தால் இவையனைத்தும் நிறைவேறிவிடும் என்று நாம் நம்பவில்லை. தகரக் கூரை வீட்டுத் தாய், மரத்துக்குரிய பெரிய மனிதரிடம் தனியே சென்று பேச அஞ்சுவாள். அவருடைய வயலிலேயே அவள் கூலிக்குப் போகிறாளாக இருக்கலாம். ஆகவே இது ஊர்ப்பணியாக வேண்டும். மாரிக்கு முன், கச்சான் ஓய்ந்த நாட்களில், கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஆசிரியரும் மாணவரும் வட்டாரம் வட்டாரமாகச் சென்று கூரைகளையும் மரங்களையும் பார்வையிடலாம். கிளை களைய வேண்டியவை, முட்டுக் கொடுக்க வேண்டியவை, அகற்ற வேண்டியவை என்று பட்டியலிடலாம். வசதியற்ற வீடுகளுக்கான செலவை உள்ளூராட்சி மன்றம் ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். வீதிக்கு மின்விளக்குப் போடுவது பொதுச் செலவாயின், பிள்ளைகள் உறங்கும் கூரைமேல் நிற்கும் பட்டமரத்தை அகற்றுவது ஏன் பொதுச் செலவாகக் கூடாது?

அப்பட்டியலைத் தயாரிக்கப் புறப்படும் மாணவருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே. மரத்தின் சுற்றளவை அளப்பதற்குமுன், அது சாயக்கூடிய திசையில் நடந்து சென்று, அங்கே இருக்கும் வீட்டின் கதவைத் தட்டுங்கள். அவ்வீட்டார் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.